ஊற்றுக் கணக்குக்கு 20 மில்லிமீற்றர் மல்டி-ஜெட் மீட்டர்: மலையகக் குழாய்களில் எப்படி வேலை செய்கிறது?

ஊற்றிலிருந்து குழாய் போட்டு டேங்கில் சேர்த்து, அங்கிருந்து பீலிக்கும் (பொதுக் குழாயடி) வீடுகளுக்கும் தண்ணீர் விடுகிற தோட்டங்களும் கிராமத் திட்டங்களும் இலங்கை மலையகம் முழுக்க இருக்கின்றன. ஹார்ட்வெயார் கடைக்குப் போய் ஒரு வோட்டர் மீட்டர் கேட்டால், பெரும்பாலும் கையில் கொடுப்பது பித்தளை உடல் உள்ள மல்டி-ஜெட் மீட்டரைத்தான். வீட்டுக்குப் பில் போடச் செய்த சாமான் அது. இங்கே அதைப் பார்ப்பது வேறொரு வேலைக்காக: எந்த ஊற்றிலிருந்து, எந்த மாதத்தில், எவ்வளவு தண்ணீர் எடுக்கிறோம் என்று வருடம் முழுக்கக் கணக்கு வைக்க அது போதுமா?

போதும். ஆனால் முகப்பில் உள்ள எண்ணைப் பார்க்காமல் வாங்கினாலோ, குழாயில் பிழையான இடத்தில் பூட்டினாலோ, தண்ணீர் குறைந்த மாதங்களில்தான் அது பிழையாகக் காட்டும். கணக்கு மிகவும் தேவைப்படுவதும் அந்த மாதங்களில்தான்.

முகப்பில் பார்க்க வேண்டியவை

வோட்டர் மீட்டருக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4064 படி செய்த மீட்டரில் க்யூ3 என்றொரு எண் இருக்கும். தொடர்ந்து ஓடவிடக்கூடிய உச்ச ஓட்டம் அது. 15 மில்லிமீற்றர் மீட்டரில் வழக்கமாக மணிக்கு 2.5 கனமீற்றர், 20 மில்லிமீற்றரில் 4 கனமீற்றர். பக்கத்திலேயே ஆர் 80, ஆர் 160 என்று இன்னோர் எண் இருக்கும். க்யூ3 ஐ இந்த எண்ணால் வகுத்தால், மீட்டர் நம்பத்தக்க விதத்தில் அளக்கும் மிகக் குறைந்த ஓட்டம் கிடைக்கும். 20 மில்லிமீற்றர் ஆர் 80 மீட்டருக்கு அது மணிக்கு 50 லீற்றர், ஆர் 160 மீட்டருக்கு 25 லீற்றர். அந்தக் குறைந்த ஓட்டத்திலிருந்து அதன் 1.6 மடங்கு வரை 5 சதவீதம் கூடவோ குறையவோ காட்டலாம். அதற்கு மேல் 2 சதவீதம்தான் அனுமதி. அதற்குக் கீழே எந்த உத்தரவாதமும் கிடையாது. பழைய முறையில் ‘கிளாஸ் பி’ என்று மட்டும் பதித்த மீட்டர்களும் இன்னும் கைமாறுகின்றன. 15 மில்லிமீற்றரில் அவை மணிக்கு 30 லீற்றரிலிருந்து அளக்கும், ஆனால் 120 லீற்றரைத் தாண்டிய பிறகுதான் 2 சதவீதத் துல்லியத்துக்கு வரும்.

இந்தச் சின்ன எண்களைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. மிதவை வால்வு போட்ட வீட்டு டேங்குகள் நிறையும் தறுவாயில் தண்ணீரை நூல் போலத்தான் இழுக்கும். இறுக்கி மூடாத பீலிக் குழாயும் இரவு முழுக்க அப்படித்தான் ஒழுகும். மணிக்கு 40 லீற்றர் ஒழுகினால் ஒரு நாளைக்கு 960 லீற்றர். ஆர் 80 மீட்டர் இதில் எவ்வளவைப் பதியும் என்று சொல்ல முடியாது, ஆர் 160 கணக்கில் எடுத்துவிடும். விலை கொஞ்சம் கூடினாலும் ஆர் 160 ஐயே கேட்டு வாங்குங்கள்.

ஆர் எண்ணுக்குப் பக்கத்தில் ஆங்கில ‘எச்’ எழுத்து இருந்தால், மீட்டரைக் கிடையாக, முகப்பு வானத்தைப் பார்க்கப் பூட்டினால்தான் அந்த எண் செல்லும். சரிவில் வரும் குழாயோடு சேர்த்துச் சாய்வாகப் பூட்டுவது மலையகத்தில் அடிக்கடி காணும் பிழை. சாய்ந்த மீட்டரில் சக்கரத்தின் அச்சு ஒரு பக்கமாக உராயும், மெல்லிய ஓட்டம் பதியாமல் போகும். மீட்டருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு முழங்கை (வளைவு இணைப்பு) வைத்து, அந்த ஓரடித் துண்டை மட்டும் மட்டம் பார்த்துக் கிடையாக்கினால் போதும். மல்டி-ஜெட்டில் தண்ணீர் பல துளைகளால் பிரிந்து சக்கரத்தை எல்லாப் பக்கத்திலிருந்தும் தள்ளுவதால், முன்னால் நீண்ட நேர்க்குழாய் தேவைப்படாது. முழங்கைக்குப் பக்கத்திலேயே பூட்டலாம் என்பது இந்த வகையின் பெரிய வசதி.

15 வேண்டாம், 20 ஏன்?

அழுத்த இழப்பு. பெரும்பாலான மீட்டர்கள் க்யூ3 ஓட்டத்தில் 0.63 பார் வரை விழுங்க அனுமதி உள்ளவை. உயரக் கணக்கில் அது கிட்டத்தட்ட 6.4 மீற்றர். ஓட்டம் பாதியானால் இழப்பு கால்வாசியாகும். மணிக்கு 2 கனமீற்றர் ஓடும் குழாயில் 15 மில்லிமீற்றர் மீட்டர் 4 மீற்றர் உயரத்தைத் தின்னும், 20 மில்லிமீற்றர் 1.6 மீற்றரோடு விட்டுவிடும். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) மேலே ஐந்தாறு மீற்றரில் டேங்க் இருக்கும் இடத்தில் 15 ஐப் பூட்டினால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏறாது. பிறகு யாராவது மீட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு நேர்க்குழாய் போட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பூட்டும் இடம்

எல்லாவற்றிலும் கவனமாக இருக்க வேண்டியது இதில்தான்.

ஊற்றுத் தொட்டியிலிருந்து டேங்குக்கு வரும் குழாய் மழைக்காலத்தில் நிரம்பி ஓடும். வறட்சியில் ஊற்று குறைந்ததும் அதே குழாயில் தண்ணீர் அடியோடு ஒட்டி ஓடும், மேல் பாதியில் காற்று. அரைகுறையாக நிரம்பிய குழாயில் மீட்டர் சரியாக அளக்காது. சக்கரம் சில நேரம் அப்படியே நிற்கும், சில நேரம் காற்றும் தண்ணீரும் கலந்து வரும்போது துள்ளித் துள்ளிச் சுற்றும். எழுதிவைத்த எண்ணைப் பார்த்தால் ஒழுங்காகத்தான் தெரியும், அதில் உண்மை இருக்காது.

இதற்குத் தீர்வு இலகுவானது. மீட்டரை டேங்கின் அடிமட்டத்தில் பூட்டுங்கள். அதன் பிறகு குழாயை டேங்கின் பக்கவாட்டில் செங்குத்தாக ஏற்றி, மேல்வாயால் தண்ணீர் திறந்த வெளியில் விழும்படி விடுங்கள். டேங்கின் உயரம் ஒன்றரை மீற்றர் என்றால், மீட்டருக்கு மேல் எப்போதும் ஒன்றரை மீற்றர் தண்ணீர் நிற்கும். ஊற்று எவ்வளவு குறைந்தாலும் மீட்டர் இருக்கும் துண்டு நிரம்பியே இருக்கும். குழாய் முனை தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது, டேங்கின் நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும். மூழ்கினால் ஊற்றுப் பக்கம் வால்வு திறக்கும்போது டேங்குத் தண்ணீர் பின்னோக்கி இழுபட்டு மீட்டர் தலைகீழாகச் சுற்றும்.

டேங்கிலிருந்து வெளியே போகும் பக்கம் இரண்டாவது மீட்டர். ஒன்றுக்கு மட்டும்தான் காசு இருக்கிறதென்றால் உள்வரும் பக்கத்துக்கே முதலிடம். ஊற்றிலிருந்து எடுக்கப்பட்டது அதுதான். வெளியே போவது பாவிக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் டேங்க் நிரம்பி வழிந்ததும் கசிந்ததும். வழிந்த தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் குறித்து வையுங்கள். அதே ஓடைக்குத் திரும்புவது வேறு, தேயிலை மலைக்குள் சிதறிப் போவது வேறு.

நேரம் வைத்துத் தண்ணீர் விடும் இடங்களில் இன்னொரு சிக்கல். குழாய் காலியாகி மறுபடி நிரம்பும்போது வெளியேறும் காற்றையும் மீட்டர் தண்ணீராகவே எண்ணிவிடும். வெளிப்பக்க மீட்டரை டேங்குக்கு மிக அருகில், வால்வுக்கு முன்னால் வைத்தால் அந்தத் துண்டு காலியாவதே இல்லை.

மணலும் இலையும்

கனமழைக்குப் பிறகு ஊற்றுத் தொட்டிக்குள் செம்மண்ணும் இலைச் சருகும் வந்து சேரும். பிஸ்டன் வகை மீட்டர் மெல்லிய ஓட்டத்தை இன்னும் நன்றாக அளக்கும்தான், ஆனால் நுண்மணல் ஏறினால் இறுகி நின்றுவிடும், தண்ணீரையும் அடைக்கும். மல்டி-ஜெட் அந்த விடயத்தில் பொறுமைசாலி. உள்வாயிலில் ஒரு சின்னச் சல்லடைக் கூடை இருக்கும். அதில் சருகு பாதி அடைத்தால் மீதித் துளைகளில் தண்ணீர் வேகமாகப் பாய்ந்து மீட்டர் கூட்டிக் காட்டும். ஆகவே மீட்டருக்கு முன்னால் வை-வடிவச் சல்லடை ஒன்றும், அதற்கு முன்னால் ஒரு வால்வும் கட்டாயம் போடுங்கள். மீட்டரின் இரு பக்கமும் யூனியன், அதாவது திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு, இருக்க வேண்டும். யூனியன் இல்லாமல் பிவிசி பசை போட்டு ஒட்டிய மீட்டரைக் கழுவ வழியில்லை, குழாயை அறுக்கத்தான் வேண்டும்.

முகப்பு விடயத்தில் எங்கள் பரிந்துரை முழுதாக அடைத்த உலர்முகப்பு. எண் சக்கரங்கள் தண்ணீரில் மூழ்கியிருக்கும் ஈரமுகப்பு மலிவுதான், ஆனால் இரும்புச் சத்துள்ள ஊற்றுகளில் கண்ணாடிக்கு உட்புறம் செங்காவி படிந்து எண் தெரியாமல் போகும். சாதாரண உலர்முகப்பில் நுவரெலியா, இராகலை பக்கத்துக் குளிருக்குக் கண்ணாடியின் உட்புறம் நீராவி படியும். தூசியும் தண்ணீரும் புகாது என்பதைக் குறிக்கும் ஐபி 68 பதித்திருந்தால் அந்தத் தொல்லை குறைவு.

இரவு பத்து மணிக்குப் பிறகு, எல்லாப் பீலியும் மூடியிருக்கும் நேரத்தில், வெளிப்பக்க மீட்டரில் டோர்ச் அடித்துப் பாருங்கள். முகப்பின் நடுவில் உள்ள சின்ன நட்சத்திரச் சக்கரம் மெல்ல நகர்ந்தாலும் கீழே எங்கோ கசிகிறது. வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனால் எந்தக் கிளைக்குழாய் என்பது பிடிபடும். இந்த மீட்டரை வாங்க இது ஒன்றே போதுமான காரணம்.

சரிபார்ப்பு

புது மீட்டரையும் அப்படியே நம்பத் தேவையில்லை. 20 லீற்றர் கேன் ஒன்றை வெறுமையாகத் தராசில் வைத்து நிறுத்து, மேலே சரியாக 20 கிலோ தண்ணீர் சேர்ந்ததும் கழுத்தில் கோடு போடுங்கள். பிளாஸ்டிக் வாளியில் அச்சிட்ட கோடுகளை நம்பக் கூடாது. வால்வை நன்றாகத் திறந்து ஐந்து கேன், அதாவது 100 லீற்றர் பிடித்து மீட்டரோடு ஒப்பிடுங்கள். பிறகு கேன் நிரம்ப அரை மணித்தியாலம் ஆகும்படி வால்வைச் சுருக்கி ஒரு தடவை பாருங்கள், அது மணிக்கு 40 லீற்றர். முதல் சோதனையில் 2, 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் சல்லடையைக் கழுவி மறுபடி பாருங்கள். இரண்டாவதில் மட்டும் குறைவாகக் காட்டினால் சாய்வைச் சரிபாருங்கள், அல்லது சக்கரம் தேய்ந்துவிட்டது. வருடத்துக்கு ஒரு தடவை, மழைக்காலம் முடிந்த கையோடு, இதைச் செய்தால் நல்லது.

மீட்டர் சொல்லாத பாதி

எடுத்தது எவ்வளவு என்று மீட்டர் சொல்லும். ஊற்று தந்தது எவ்வளவு என்று சொல்லாது. இரண்டும் ஒரே வாரத்தில் அளக்கப்படாவிட்டால் எடுப்பது அதிகமா குறைவா என்று பேச வழியே இல்லை.

ஊற்றுத் தொட்டியின் எல்லா வாய்களையும் ஒரே குழாயில் சேர்த்து, அந்தக் கேனையே பிடித்து, போனில் நேரம் பார்த்து மூன்று தடவை அளந்து நடு எண்ணை எழுதுங்கள். ஐந்து வினாடிக்குள் கேன் நிரம்பினால் கைத்தாமதமே பெரிய பிழையாகிவிடும், அப்போது 200 லீற்றர் பீப்பாய் வேண்டும். ஓடையாக வரும் தண்ணீருக்கு 90 பாகை ‘வி’ வெட்டிய தகடு ஒன்றைக் குறுக்கே நிறுத்தலாம். வெட்டின் அடிமுனைக்கு மேல் நீரின் உயரத்தை மீற்றரில் எடுத்து, 2.5 ஆம் அடுக்குக்கு உயர்த்தி 1.38 ஆல் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை கனமீற்றர் என்று வரும். 3 சென்ரிமீற்றருக்கு வினாடிக்கு 0.2 லீற்றர், 5 க்கு 0.77, 10 க்கு 4.4. உயரத்தை வெட்டின் மேலேயே அளக்கக் கூடாது, அங்கே நீர் வளைந்து தாழும். உயரத்தின் நான்கு மடங்கு தூரம் மேல்நோக்கிப் போய் அளவுகோலை நடுங்கள். 5 சென்ரிமீற்றரில் ஒரு மில்லிமீற்றர் பிழை 5 சதவீதப் பிழையாகும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 40 குடும்பங்களுக்குத் தண்ணீர் தரும் ஓர் ஊற்றில் மழைக்காலத்தில் கேன் 10 வினாடியில் நிரம்புகிறது என்று வையுங்கள். நாளுக்கு 172.8 கனமீற்றர். வறட்சியில் 50 வினாடி ஆனால் 34.6 கனமீற்றர். இரண்டு காலத்திலும் மீட்டர் நாளுக்கு 30 கனமீற்றர் காட்டினால், முதலாவதில் ஊற்றின் 17 சதவீதம் எடுக்கிறோம், இரண்டாவதில் 87 சதவீதம். வருடச் சராசரியை எடுத்தால் இந்த 87 எங்கேயும் தெரியாது. கீழே ஓடையில் குளிப்பவர்களுக்கும் மாட்டுக்கும் மீதியாய்ப் போவது நாளுக்கு நாலரைக் கனமீற்றர்தான். குடும்பத்துக்கு நாலு பேர் என்று வைத்தால் 160 பேர், அவர்களுக்கு 30 கனமீற்றர் என்றால் ஆளுக்கு 187 லீற்றர். அது குடிக்கவும் குளிக்கவும் மட்டும் போனதா, மரக்கறித் தோட்டத்துக்கும் போனதா, மண்ணுக்குள் கசிந்ததா என்று அடுத்த கேள்வி தானாக வரும்.

எந்தக் காலம் வறட்சி?

மலையகத்துக்கு ஒரே விடை கிடையாது. மேற்குச் சரிவில், ஹட்டன், வட்டவளை, நோர்வூட், கினிகத்தேனை பக்கம், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். அங்கே தண்ணீர் சுருங்குவது ஜனவரி முதல் மார்ச் வரை. மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவில், பதுளை, பசறை, பண்டாரவளை, வெலிமடையில், மழை ஒக்டோபருக்குப் பிறகு வடகீழ்ப் பருவத்தோடு வரும். அங்கே ஜூன் முதல் செப்டெம்பர் வரைதான் ஊற்று மெலியும். ஹட்டனில் பீலி நிரம்பி வழியும் ஜூலையில் பண்டாரவளையில் குடத்தோடு வரிசை நிற்கும். இரண்டு பக்கத்துத் தரவையும் ஒரே அட்டவணையில் கூட்டி மாகாணத்துக்கோ நாட்டுக்கோ ஒரு சராசரி எடுத்தால், இரண்டு வறட்சியும் ஒன்றையொன்று மறைத்துவிடும்.

வளிமண்டலவியல் திணைக்களம் வருடத்தை நான்காகப் பிரிக்கும்: மார்ச்–ஏப்ரல், மே–செப்டெம்பர், ஒக்டோபர்–நவம்பர், டிசெம்பர்–பெப்ரவரி. பருவக் கூட்டுத்தொகை மட்டும் வைத்திருந்தால் மேற்குச் சரிவின் வறட்சி பாதி ஒரு கட்டத்திலும் பாதி அடுத்ததிலும் விழும். ஆகவே மாதக் கணக்கை அழிக்காமல் வையுங்கள். மழைமானியைத் திணைக்களம் காலை 8.30 க்கு வாசிக்கும். மீட்டரையும் அதே நேரத்தில் வாசித்தால் மழையும் எடுப்பும் ஒரே நாளில் பொருந்தும். பல தோட்ட ஒபிஸ்களில் மழைப் பதிவேடு நீண்ட காலமாக இருக்கிறது, கேட்டுப் பெறுங்கள். ஊற்றை அளப்பது மட்டும் மழை விட்டு மூன்று நாளாவது கழித்து. உடனே அளந்தால் மேலோட்டமாக ஓடிவரும் தண்ணீரையும் சேர்த்து அளந்துவிடுவோம்.

மீட்டரை வாசிப்பது வாரம் ஒரு நாள், வறட்சியில் தினமும். வாசிக்காத நாளுக்குப் பூச்சியம் எழுதாதீர்கள், வெறுமையாக விட்டுக் காரணம் எழுதுங்கள். மீட்டரை மாற்றினால் பழையதின் கடைசி எண்ணும் புதியதின் முதல் எண்ணும் ஒரே வரியில் வர வேண்டும். முகப்பைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால், கருப்பு எண்ணும் சிவப்பு எண்ணும் மாறிப்போன வாசிப்பைப் பிறகு திருத்தலாம். கருப்பு கனமீற்றர், பில்லில் யூனிட் என்பது அதுதான். சிவப்பு அதன் பின்னம்.

பல்ஸ் லொகர், அதாவது குறித்த அளவு தண்ணீர் ஓடும்போதெல்லாம் ஒரு மின்துடிப்பைப் பதியும் கருவி, சேர்த்து விற்கும் மீட்டர்களும் உண்டு. மணிக்கு மணி தரவு வேண்டுமென்றால் பயனுள்ளவை. ஆனால் பள்ளத்தாக்குகளில் போன் சிக்னலை நம்பி வாங்க வேண்டாம், உள்ளேயே சேமிக்கும் வகையை எடுங்கள். ஒரு பல்ஸுக்கு 10 லீற்றரா 1 லீற்றரா என்பதை மாற்றிப் போட்டால் எல்லாமே பத்து மடங்கு பிழைக்கும். கையால் எழுதும் வாசிப்பை நிறுத்தக் கூடாது. ஒலி அலையால் அளக்கும் அல்ட்ராசொனிக் மீட்டர் மெல்லிய ஓட்டத்தை இதைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதன் விலைக்குப் பல ஊற்றுகளுக்கு மல்டி-ஜெட் பூட்டலாம், இப்போதைக்கு அதுதான் பிரயோசனம்.

மீட்டர் பூட்ட முடியாத எடுப்பும் இருக்கிறது. நுவரெலியா, வெலிமடைப் பக்கம் கரட், லீக்ஸ் பாத்திகளுக்கு ஓடையிலிருந்து இரண்டு அங்குலப் பம்பால் இறைப்பார்கள். பம்பின் உடலில் எழுதிய எண்ணைக் கணக்கில் போடாதீர்கள், மேட்டுக்கு ஏற்றும்போது அதில் ஒரு பங்குதான் வரும். குழாய் முனையில் 200 லீற்றர் பீப்பாய் நிரம்பும் நேரத்தை எடுத்து, ஓடிய மணித்தியாலத்தால் பெருக்குங்கள். காசல்ரீ, மவுசாக்கலை போன்ற மின்சார நீர்த்தேக்கங்களின் தண்ணீரை இதோடு கூட்டக் கூடாது, அது விசையாழியைச் சுற்றிவிட்டு ஆற்றுக்குத் திரும்புகிறது.

உலக உணவு விவசாய அமைப்பின் அக்வாஸ்டாட் தரவுத்தளத்தில் இலங்கையின் 2005 ஆம் ஆண்டு நன்னீர் எடுப்பு 12.95 கன கிலோமீற்றர் என்றும், அதில் சுமார் 87 சதவீதம் விவசாயத்துக்கு என்றும் இருக்கிறது. நாட்டுக்கு அப்படியோர் எண் தேவைதான். லயத்துப் பீலி எந்த மாதத்தில் நின்றது என்பது அதில் வராது, அதை அந்த லயத்தில்தான் எழுத வேண்டும். 2014 டிசெம்பரில் ஆற்று நீரைத் திருப்பிவிடும் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்து, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. அப்படி ஒன்று நடக்கும்போது, ‘முன்பு நிறைய வந்தது’ என்ற வாய்ச்சொல்லைவிட, ‘போன வருடம் இதே மாதத்தில் கேன் 14 வினாடியில் நிரம்பியது’ என்று தேதி போட்ட ஒரு வரிக்குப் பலம் அதிகம். தண்ணீருக்காகக் காலையும் மாலையும் நடப்பவர்களிடம் அந்தப் பலம் இருக்க வேண்டும்.

கடையில் எடுக்கும்போது: 20 மில்லிமீற்றர், ஆர் 160, அடைத்த முகப்பு, உடலில் அம்புக்குறி, இரண்டு யூனியனும் வாசரும் பெட்டிக்குள் இருக்கின்றனவா என்று திறந்து பாருங்கள். பல நேரம் அவை தனியாகத்தான் விற்கப்படுகின்றன. 20 மில்லிமீற்றர் மீட்டரின் திருகு ஒரு அங்குலம், யூனியனின் மறுமுனைதான் முக்கால் அங்குலம், வழக்கமான நீளம் 190 மில்லிமீற்றர். அந்த நீளத்துக்கு ஒரு பிவிசித் துண்டையும் அளந்து வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரைக் கழுவக் கழற்றும் நாளில் அதைப் பூட்டிவிட்டால் பீலியில் தண்ணீர் நிற்காது. அந்த நாளின் கணக்கை மட்டும் வெறுமையாக விட்டு, பக்கத்தில் ‘மீட்டர் கழற்றியது’ என்று எழுதுங்கள்.